பத்து மைல் வில்பாதையில் விமானம் வெளியே நழுவுவது ஏன்?

குன்னூர்வாசி:
வணக்கம். வீட்டுக் கணினியில் சிமுலேட்டர் வைத்துக் கருவிவழிப் பறத்தலைப் பயின்று வருகிறேன். கோயம்புத்தூர் வி.ஓ.ஆர். நிலையத்தை (விமானத்துக்குத் திசை காட்டும் தரை வானொலி நிலையம்) மையமாகக் கொண்டு, 10 கடல் மைல் ஆரமுள்ள வில்பாதையில், வடக்கிலிருந்து கிழக்கு வழியாகத் தெற்கு நோக்கி 10,000 அடியில் பறக்கிறேன். வேகம் 120 நாட் (மணிக்கு 120 கடல் மைல்). மேற்குக் காற்று 25 நாட். ஒவ்வொரு பத்து பாகை ரேடியலை (நிலையத்திலிருந்து வெளியே செல்லும் திசைக்கோடு) கடந்ததும் மூக்கைப் பத்து பாகை திருப்புகிறேன். ஆயினும் கிழக்குப் பக்கத்தில், நிலையத்திலிருந்து உள்ள தூரத்தைக் காட்டும் டி.எம்.இ. கருவி 10.4, 10.8 என ஏறிக்கொண்டே போகிறது. டி.எம்.இ. காட்டுவது தரைத்தூரம் அல்ல, விமானத்திலிருந்து நிலையத்துக்குள்ள சாய்வுத் தூரம் என்பதுதான் காரணமா? இறக்கையை ஒரே சரிவில் சாய்த்துத் தொடர்ந்து வளைந்தால் சரியாகுமா?

ரேடியல்90:
சாய்வுத் தூரத்தின் மீது பழி போட வேண்டாம். நிலையம் ஏறத்தாழ 1,300 அடி உயரத்தில் இருப்பதால், டி.எம்.இ. 10 என்று காட்டும்போது உங்கள் தரைத்தூரம் 9.9 இருக்கும், அந்தப் பிழை சிறியது, ஏறிக்கொண்டே போவதும் இல்லை. தொடர்ந்து வளைவதும் நடைமுறைக்கு ஒவ்வாது. 120 நாட் வேகத்தில் அந்த ஆரத்துக்குத் தேவைப்படும் சரிவு ஒரு பாகைக்குச் சற்று மேல்தான், அதைக் கையால் பிடித்து நிறுத்த யாராலும் இயலாது. பத்து பாகைக்கு ஒரு நேர்த்துண்டாகப் பறந்தாலும் உண்மை வட்டத்திலிருந்து விலகுவது எழுபது மீட்டர் அளவே.

காரணம் காற்று. ஒரு துண்டைக் கடக்க ஏறத்தாழ 52 விநாடி ஆகும். நிலையத்தின் பக்கமிருந்து குறுக்கே வீசும் 25 நாட் காற்று அதற்குள் உங்களை மூன்றிலொரு மைலுக்கு மேல் வெளியே தள்ளிவிடும். ஆகவே, நேர் கிழக்கில் இருக்கும்போது தொடுகோட்டுத் திசைக்குப் பன்னிரண்டு பாகை கூடுதலாக நிலையத்தின் பக்கம் மூக்கைத் திருப்பி வையுங்கள். வடக்கிலும் தெற்கிலும் அதே காற்று முன்னிருந்தோ பின்னிருந்தோ வீசுவதால் திருத்தம் தேவைப்படாது. மேற்கு அரைவட்டத்தில் அது உள்ளே தள்ளும். ஏற்கெனவே அரை மைல் நழுவியிருந்தால், மேலும் பத்து முதல் இருபது பாகை உள்நோக்கித் திருப்பி, தூரம் குறையத் தொடங்குவதைப் பார்த்த பிறகே தளர்த்துங்கள்.

கோத்தகிரிக் காற்று:
வில்லில் நுழையும்போதும் கவனம் தேவை. ரேடியலின் வழியே நிலையத்தை நோக்கி வருகையில் 10.6-லேயே திருப்பத்தைத் தொடங்கினால்தான் 10-இல் சென்று அமர முடியும். தரைவேகத்தில் அரை விழுக்காடு என்பது எளிய கணக்கு.

இன்னொன்று: இது கைகூடியதும், நம் வீட்டுக்கு மேல் பறக்கும் ஆசையில் வில்லை வடமேற்கே விரிப்பீர்கள், நானும் அதைத்தான் செய்தேன். நிலையத்திலிருந்து குன்னூர் நேர்கோட்டில் 25 மைலுக்குச் சற்றுக் குறைவு. இன்னும் சில மைல் தள்ளி 8,650 அடியில் தொட்டபெட்டா நிற்கிறது. மலைப்பகுதியில் கருவிவழிப் பறக்கும்போது உச்சிக்கு மேல் 2,000 அடி இடைவெளி வேண்டும் என்பதால், உங்கள் 10,000 அடி அங்கே போதாது. 11,000-க்கு ஏறிக்கொண்ட பிறகு வில்லைத் தொடங்குங்கள்.