மண்டித் தராசில் எண் தெரியவில்லை: டிஃப்யூசர் ஷீட் போட்டால் சரியாகுமா?

ராயக்கோட்டை தோட்டம்:
எங்கள் பக்கத்துத் தக்காளி மண்டியில் ஒரு தராசு. சாம்பல் நிற எல்சிடி, பேக்லைட் (பின்னால் எரியும் விளக்கு) கிடையாது. காலை எட்டு மணிக்கு மேல் வெயில் நேராக அதன் மேல் விழும். நான் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் எண்ணுக்குப் பதில் வானம்தான் பளபளக்கிறது. கையை வைத்து மறைத்து, தலையைச் சாய்த்து எண்ணைப் பிடிப்பதற்குள் அடுத்த கிரேட் (தக்காளிப் பெட்டி) ஏறிவிடும். எடை போடுபவர் சொல்வதைச் சீட்டில் எழுதுகிறார்கள், நானும் வாங்கிக்கொண்டு வருகிறேன். எல்சிடிக்குப் பின்னால் ஒளியைத் திருப்பிவிடும் டிஃப்யூசர் ஷீட் ஒட்டினால் தெளிவாகத் தெரியும் என்று ஓசூரில் வேலை செய்யும் என் தம்பி சொல்கிறான். மண்டிக்காரர் பாதிச் செலவு தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

தராசு சர்வீஸ் ஓசூர்:
வேண்டாங்க. ஷீட் எதுவும் வெளிச்சத்தை உண்டாக்காது. சிவப்பு எல்இடி எண் உள்ள இண்டிகேட்டருக்கு (எடை எண்ணைக் காட்டும் பெட்டி) மாறிவிடுங்கள். முன்னால் அடர் சிவப்பு பில்டர், மேலே வெயிலை மறைக்க நாலு விரல் நீளத்துக்கு ஒரு மூடி. வெளி வெளிச்சம் அந்த பில்டரை உள்ளே போகும்போது ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவை கடக்கணும். பச்சையும் நீலமும் அதிலேயே மடிந்துவிடும். எல்இடியின் சிவப்பு ஒரே தடவைதான் கடக்கிறது, அதனால் எண் எடுப்பாக நிற்கும். நான் மாற்றிக் கொடுத்த கடைகளில் யாரும் குறை சொன்னதில்லை.

டிஸ்பிளே லைன்:
தம்பி சொன்னதில் விஷயம் இருக்கிறது, ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். நேர் வெயில் என்பது சுமார் 1,00,000 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு). அதில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தால் ஏறத்தாழ 25,000 நிட்ஸ் பிரகாசம் வரும் (நிட்ஸ் என்பது பரப்பிலிருந்து கண்ணுக்கு வரும் பிரகாசத்தின் அளவு). போன் திரைகள் சில நூறிலிருந்து சில ஆயிரம் நிட்ஸ்தான். சூரியனோடு பேக்லைட்டும் எல்இடியும் போட்டி போடுவதைவிட, சூரியனையே விளக்காக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பேக்லைட் இல்லாத எல்சிடி செய்வது அதைத்தான்.

பிறகு ஏன் தெரியவில்லை? அந்த எல்சிடியின் பின்னால் இருப்பது மங்கலான வெள்ளி நிறத் தாள். முகம் பார்க்கும் கண்ணாடி ஒளியை எந்தக் கோணத்தில் திருப்புமோ, அந்தக் கோணத்தைச் சுற்றியே அதுவும் பரப்புகிறது. முன்பக்கக் கண்ணாடி தன் மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தை அதே கோணத்தில் திருப்புகிறது. ஆக, எண் நன்றாகத் தெரிய வேண்டிய திசையும் கண் கூசுகிற திசையும் ஒன்றாகிவிடுகின்றன. கூச்சத்தைத் தவிர்க்கத் தலையைச் சாய்த்தால் பின்னணி வெளிச்சமும் கூடவே போய், எண் சாம்பலில் கரைந்துவிடும். நீங்கள் சொன்னது அப்படியே இதுதான்.

திசை மாற்றும் டிஃப்யூசர் இந்த இரண்டையும் பிரித்து வைக்கிறது. கூச்சம் போகும் வழியில் போகட்டும், பின்னணி வெளிச்சம் மட்டும் சில பத்து டிகிரி தள்ளி, பார்ப்பவர் கண்ணுக்கு வரும். 1990களின் கடைசியில் பேஜர் (குறுஞ்செய்தி காட்டும் கையடக்கக் கருவி) திரைகளிலேயே இதற்காக ஹோலோகிராம் படலம் வைத்தார்கள். பின்னணி பச்சையாக மினுங்கும். நம் கண்ணுக்குப் பச்சைதான் அதிகம் உறைக்கும், அதனால் அது நல்லதே. பேட்டரியில் ஒரு சொட்டுகூடச் செலவில்லை.

காவேரிப்பட்டணம் மளிகை:
நான் மேட் ஷீட் (பளபளப்பில்லாத ஷீட்) வாங்கி ஒட்டினேன். திரை முழுக்க வெளுத்துப் போச்சு. காசு தண்டம்.

டிஸ்பிளே லைன்:
அண்ணே, நீங்கள் ஒட்டியது முன்பக்கம். அது கூச்சத்தை நீக்காது, உடைத்துத் திரை முழுக்கத் தூவிவிடும். டியூப்லைட் அடியில் அது நல்லாவே இருக்கும், வெயிலில் கறுப்பு எண்ணும் வெளுத்துவிடும். நான் சொல்வது பின்பக்கம்.

தராசு சர்வீஸ் ஓசூர்:
பின்பக்கம் என்று எழுதுவது சுலபம். ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். அந்த வெள்ளித் தாள் போலரைசரோடு (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படலம்) ஒட்டியே வரும். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி உரித்தால் போலரைசரும் சேர்ந்து வந்துவிடும். அது போனால் எண்ணே கிடையாது, வெறும் கண்ணாடித் துண்டு. புது போலரைசரைச் சரியான கோணத்தில் வைக்கணும். 90 டிகிரி மாறினால் கறுப்பில் வெள்ளை எண்ணாகிவிடும்.

அதைவிடப் பெரிய விஷயம் முத்திரை. எடையளவுத் துறை எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறை முத்திரை போடுகிறது. தராசுப் பெட்டியைத் திறந்தால் ஈயமுத்திரை அறுந்துவிடும், மறுபடி போடாமல் அந்தத் தராசில் வியாபாரம் செய்யக்கூடாது. நல்லது நினைத்து ஷீட் ஒட்டப் போய் மண்டிக்காரர் அபராதம் கட்டணுமா?

பென்னாகரம் இயற்பியல்:
முத்திரை விஷயத்தில் சர்வீஸ்காரர் பக்கம்தான் நானும். ஆனால் எனக்கு வேறு ஒரு கவலை. டிஃப்யூசர் ஒரு திசையில் வெளிச்சத்தைக் கூட்டினால் இன்னொரு திசையில் குறைத்தே தீரும். வந்த ஒளி அவ்வளவுதான். சினிமாத் திரையில் கெயின் (சாதாரண வெள்ளைத் திரையைவிட எத்தனை மடங்கு பிரகாசம்) 2 என்றால் நடுவில் உட்கார்ந்தவருக்கு இரண்டு மடங்கு, ஓரத்தில் இருப்பவருக்கு மங்கல். தராசில் அந்த நடு இருக்கை யாருக்கு? எடை போடுபவர் நேர் எதிரே நிற்கிறார், விவசாயி கிரேட் பக்கத்தில் ஓரமாக நிற்கிறார். எடை போடுபவர் கண்ணுக்கு ஏற்றபடி ஷீட்டைத் திருப்பினால், இப்போது அரைகுறையாகத் தெரிவதும் விவசாயிக்குத் தெரியாமல் போகும். எண் தெரிய வேண்டியது முதலில் பொருளைக் கொடுப்பவருக்கு.

ராயக்கோட்டை தோட்டம்:
சார், இதைத்தான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கு இப்போதே நன்றாகத் தெரிகிறது. கஷ்டம் எனக்குத்தான்.

டிஸ்பிளே லைன்:
எல்லா டிஃப்யூசரும் வட்டமாகப் பரப்புவதில்லை சார். பக்கவாட்டில் 60 டிகிரி, மேல் கீழ் 10 டிகிரி என்று நீள்வட்டமாகப் பரப்பும் படலங்கள் இருக்கின்றன. தரைக்கும் கூரைக்கும் போய் வீணாகும் ஒளியை எடுத்து, நிற்பவர்களின் கண் உயரத்தில் பக்கவாட்டாகப் பரப்பும். யாரிடமிருந்தும் பறிப்பதில்லை.

பென்னாகரம் இயற்பியல்:
60 டிகிரி என்றால் நடுவிலிருந்து இந்தப் பக்கம் 30, அந்தப் பக்கம் 30. தராசின் எடைத் தட்டுக்குப் பக்கவாட்டில் நிற்பவர் அதற்கு வெளியே. மேல் கீழ் 10 டிகிரி என்பதும் சிக்கல்தான். எட்டு மணி வெயிலுக்குப் பொருத்தி வைத்தது பத்து மணிக்குச் சூரியன் ஏறியதும் கண் உயரத்தைத் தப்பிவிடும். கையில் பிடித்திருக்கும் பேஜரை நாமே திருப்பிக்கொள்ளலாம். தூணில் அடித்து வைத்த இண்டிகேட்டரை யார் திருப்புவது?

டிஸ்பிளே லைன்:
சூரியன் நகர்வது நியாயமான கேள்வி. மேல் கீழ் 25, 30 டிகிரி எடுத்தால் சுமார் இரண்டு மணி நேரம் தாங்கும், பிரகாசம் கொஞ்சம் குறையும். அப்போதும் வெள்ளித் தாளைவிட மேல். நேர் வெயிலில் எல்இடி வெளிறிப்போவதையும், நாள் முழுக்க அது பேட்டரியைத் தின்பதையும் யாரும் பேசவில்லையே.

தராசு சர்வீஸ் ஓசூர்:
அதற்குத்தான் மூடி என்று முதலிலேயே சொன்னேன். தோட்டத்துக்காரரே, உங்கள் இண்டிகேட்டரின் பின்னால் சீரியல் போர்ட் (எடை எண்ணை வெளியே அனுப்ப வயர் சொருகும் இடம்) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டாவது டிஸ்பிளே ஒன்றை வயர் இழுத்து, நீங்கள் நிற்கும் பக்கமே மாட்டலாம். தராசைத் திறக்க வேண்டாம், முத்திரை அப்படியே இருக்கும்.

ராயக்கோட்டை தோட்டம்:
பார்த்துவிட்டேன், போர்ட் இருக்கிறது. மண்டிக்காரர் தருகிறேன் என்ற பாதிப் பணத்தை இரண்டாவது டிஸ்பிளேக்கே கேட்கப் போகிறேன். மீதியை எங்கள் பக்கம் தக்காளி போடுகிறவர்கள் சேர்ந்து போட்டுக்கொள்கிறோம் என்கிறார்கள்.

டிஸ்பிளே லைன்:
மாட்டுங்கள், நல்லது. ஆனால் அதைச் சிவப்பு எல்இடியாக வாங்கும் முன், புதிதாக வாங்குகிற டிஸ்பிளேயில் நீள்வட்ட டிஃப்யூசரோடு எல்சிடி கிடைக்குமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். புதுச் சாமானுக்கு முத்திரைத் தொல்லையும் இல்லை, உரிக்கும் வேலையும் இல்லை. என் கருத்து மாறவில்லை.

தராசு சர்வீஸ் ஓசூர்:
என்னுடையதும் மாறவில்லை. எதை வாங்கினாலும் வெயில் ஏறுகிற எட்டு மணிக்கு மண்டியிலேயே, கிரேட் பக்கத்தில் நின்று படித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கடைக்குள் டியூப்லைட் அடியில் எல்லா டிஸ்பிளேயும் நன்றாகத்தான் தெரியும்.