ஆண்டு 3 ஆங்கிலக் குறுநாடகம்: ஒப்பிக்காமல் பேச வைக்க என்ன வழி?

பாயான்லெப்பாஸ்_டீச்சர்

வணக்கம். பினாங்கில் தமிழ்ப்பள்ளி, ஆண்டு 3, 28 பிள்ளைகள். லாங்குவேஜ் ஆர்ட்ஸுக்கு (ஆங்கிலத்தில் கதை, பாட்டு, நாடகம் வரும் பகுதி) வாரம் இரண்டு பாடவேளை சேர்ந்தாற்போல், அதாவது ஒரு மணி நேரம், இருக்கிறது. அதில் குறுநாடகம் போடலாம் என்று பார்க்கிறேன். மேடைக்கோ போட்டிக்கோ இல்லை, வகுப்புக்குள்தான்.

சிக்கல் மூன்று. நன்றாகப் பேசுகிற ஐந்து பேர் எல்லா வசனத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள். மற்றவர்களுக்கு மரம், பாறை, கூட்டம். இரண்டாவது, ஒருவன் வரி மறந்தால் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். நாடகத்தில் கேட்ட அதே கேள்வியை வெளியில் கேட்டால் முழிக்கிறார்கள். மூன்றாவது சத்தம், பக்கத்து வகுப்புக்கும் எங்களுக்கும் நடுவில் பலகைத் தடுப்பு மட்டும்தான். எத்தனை வரி எழுதலாம், எதில் தொடங்குவது?

செந்தூல்_நாற்காலி

டீச்சர், முதல் இரண்டு சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான். தாள் முதலில் போய்விடுகிறது. தாள் கைக்கு வந்தவுடன் பிள்ளை தன் வரியைத் தேடிக் கோடு போட்டு உருப்போடும். மற்றவர்கள் பேசுவது அதற்கு வெறும் காத்திருப்பு. அதனால்தான் நடுவில் ஒரு வரி போனால் வண்டி குடைசாய்கிறது.

வாக்கியத்தை முதலில் முடிவு செய்யுங்கள், கதை பிறகு. ஆண்டு 3க்கு ஒரு நாடகத்தில் இரண்டு வாக்கிய அமைப்பு, ஆறிலிருந்து எட்டுப் புதுச்சொல், அவ்வளவுதான். 'கேன் ஐ ஹேவ் எ செண்டோல், ப்ளீஸ்?' ஒன்று, 'சாரி, நோ மோர் செண்டோல்' இன்னொன்று என்று வையுங்கள். இரண்டையும் தாங்குகிற கதை பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், செண்டோல் என்ற ஐஸ் இனிப்பு விற்கும் ஒரு கடை. கேட்டவுடன் கிடைத்துவிட்டால் கதை ஒரே வரியில் முடிந்துபோகும். இல்லை என்று சொன்னால்தான் மறுபடி கேட்கத் தோன்றும், மறுபடி மறுபடி கேட்டால்தான் வாக்கியம் நாவில் உட்காரும். பாடநூல் உரையாடல்கள் சப்பென்று இருப்பது இதனால்தான். அங்கே யாருக்கும் யாரோடும் வழக்கே கிடையாது.

அளவு சொல்கிறேன்: 16 முதல் 20 வரி, வரிக்கு 3 முதல் 7 சொல், நடித்தால் இரண்டு நிமிடம். முக்கியமான வரி குறைந்தது நான்கு தடவை திரும்ப வரவேண்டும். 28 பேரை நால்வராக ஏழு குழுவாக்குங்கள். எல்லாக் குழுவுக்கும் ஒரே நாடகம், நாலு வேடமும் பேசும் வேடம். மரமும் பாறையும் வேண்டவே வேண்டாம்.

முதல் வாரம் தாளே இல்லை. ஒரு பிளாஸ்டிக் குவளை, ஒரு கரண்டி, ஒரு துண்டு போதும். நீங்களே எல்லா வேடமும் போட்டுக் கதையைச் சொல்லுங்கள். இரண்டாம் தடவை சொல்லும்போது வகுப்பு சைகை மட்டும் செய்யட்டும்: கேட்பதற்குக் கை நீட்டல், இல்லை என்பதற்குக் குவளையைக் கவிழ்த்தல். மூன்றாம் தடவை திரும்பி வரும் வரியைச் சேர்ந்து சொல்லட்டும். இதற்கு 20 நிமிடம் பிடிக்கும். பிறகு நீண்ட வரியை வாலிலிருந்து கட்டுங்கள்: 'ப்ளீஸ்'. 'எ செண்டோல், ப்ளீஸ்'. 'ஹேவ் எ செண்டோல், ப்ளீஸ்'. அப்புறம் முழுசாக. தலையிலிருந்து கட்டினால் வாக்கியத்தின் கடைசிப் பகுதிதான் குறைவாகப் பழக்கமாகும், அங்கேதான் குரல் மங்கி 'ப்ளீஸ்' காணாமல் போகும். வாலிலிருந்து கட்டினால் ஒவ்வொரு தடவையும் தெரிந்த இடத்துக்கே போய்ச் சேர்கிறார்கள்.

இரண்டாம் வாரம் நீங்கள் கட்டியங்காரன். தெருக்கூத்தில் இரண்டு பேர் திரை பிடிக்க, வேடம் திரைக்குப் பின்னால் வந்து நிற்கும். நீ யார், எங்கிருந்து வந்தாய், என்ன சேதி என்று கட்டியங்காரன் கேட்பான் இல்லையா? அதை அப்படியே ஆங்கிலத்தில் செய்யுங்கள். ஒரு பழைய கைலியைத் திரையாகப் பிடித்தால் போதும். 'ஹூ ஆர் யூ?', 'வாட் டு யூ வான்ட்?', 'ஆர் யூ ஹங்ரி?' கூச்சப்படும் பிள்ளை துணிக்குப் பின்னால் நின்று பதில் சொல்லும். முகம் தெரியாததால் பாதி பயம் போய்விடும். முக்கியமானது, இந்தப் பதில்கள் எங்கேயும் எழுதி வைத்தவை இல்லை. நாடகத்துக்கு வெளியில் கேட்டால் முழிக்கிறார்கள் என்றீர்களே, அதற்கு மருந்து இந்த 15 நிமிடம்தான்.

மூன்றாம் வாரம் தாள், குழு ஒத்திகை. நான்காம் வாரம் காட்டுவது. ஏழு குழுவையும் வரிசையாக மேடையேற்றாதீர்கள். இரண்டு நிமிட நாடகம், ஒரு நிமிட ஏற்ற இறக்கம் என்றால் 21 நிமிடம். மூன்றாவது குழுவிலேயே பார்ப்பவர்கள் பென்சிலைச் சீவ ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு குழு மற்றொரு குழுவுக்கு மட்டும் நடித்துக் காட்டட்டும், பிறகு மாற்றிக்கொள்ளட்டும். மிஞ்சும் ஏழாவது குழு உங்களுக்கு.

சத்தத்துக்கு: தேவார வகுப்புத் தாளம் ஒன்று எடுத்து வையுங்கள். ஒரு தட்டு என்றால் சிலையாக நிற்பது, இரண்டு தட்டு என்றால் உதடு மட்டும் அசைத்து நடிப்பது. முதல் ஒத்திகையில் ஒரு சுற்று உதட்டசைவு, ஒரு சுற்று கிசுகிசு, கடைசிச் சுற்று மட்டும் முழுக்குரல். தடுப்புக்கு அந்தப் பக்கம் மூன்றில் ஒரு பங்குதான் போகும். கிசுகிசுக்கும்போது மெய்யெழுத்தை அழுத்திச் சொல்ல வேண்டிவருவதால் உச்சரிப்பும் திருந்தும்.

ஒலி_பிடிப்பவர்

மேலே சொன்ன ஒழுங்கு சரி. ஒலி பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

தாள் கொடுத்தவுடன் பிள்ளைகள் ஆங்கில வரிக்கு மேல் தமிழில் எழுதிக்கொள்வார்கள். பார்த்தவுடன் நிறுத்துங்கள். பன்றிக்கும் பெரியதற்கும் தமிழ் எழுத்தில் ஒரே 'பிக்'. முதுகும் பையும் ஒரே 'பேக்'. எழுத்து ஒன்றானால் வாயும் ஒன்றாகிவிடும். அந்தத் தாளை வைத்துப் பத்துத் தடவை ஒத்திகை பார்த்தால் பிழையைத்தான் பத்துத் தடவை பயிற்சி செய்ததாக ஆகும்.

இந்தப் பகர வேறுபாடு (p, b) நம் பிள்ளைகளுக்குத் தெரியாததும் இல்லை. மலாயில் காலைக்கும் 'பாகி', கொடு என்பதற்கும் 'பாகி'. தமிழில் எழுதினால் ஒன்று, ஆனால் ஆண்டு 3 பிள்ளை வாயில் இரண்டும் ஒரு நாளும் குழம்பாது. அதைச் சொல்ல வைத்து, அதே உதட்டோடு ஆங்கிலச் சொல்லுக்குப் போங்கள். புதிதாக ஒன்றும் கற்பிக்க வேண்டியதில்லை, இருப்பதை இடம் மாற்றுகிறீர்கள்.

சொல் முடிவில் இரண்டு விதமாகச் சறுக்கும். தமிழ் அதிகம் பேசும் வீட்டுப் பிள்ளை உகரம் சேர்க்கும்: 'கப்பு', 'பஸ்ஸு'. மலாய் அதிகம் புழங்கும் பிள்ளை கடைசி மெய்யை விழுங்கும்: 'லுக்' என்பதில் ககரம் தொண்டையோடு நின்றுவிடும். இரண்டுக்கும் ஒரே சைகை. வரியின் கடைசி மெய்யில் விரலால் காற்றை ஒரு சுண்டு சுண்ட வேண்டும். உகரம் சேர்ந்தால் சுண்டல் இரண்டாகிவிடும், விழுங்கினால் சுண்டவே வராது. பிள்ளையே கண்டுபிடித்துக்கொள்ளும்.

மூன்று என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேரம் செலவழிக்காதீர்கள். நம் 'த்ரீ'யும் 'ட்ரீ'யும் வெவ்வேறாகவே கேட்கும்; யாருக்கும் புரியாமல் போகாது. முகமூடியும் வேண்டாம். குரலை அடைப்பதோடு உங்களுக்கு உதடும் தெரியாது. மணிலா அட்டையில் தலைப்பட்டை வெட்டிப் பூனைக் காது ஒட்டினால் போதும்.

பட்டர்வொர்த்_வாத்தியார்

நாற்காலி சார் தாளை மூன்றாம் வாரம் வரை தள்ளுவதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. காதால் பிடிக்கத் திணறி, கண்ணால் பிடிக்கும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்களுக்கு முதல் வாரக் கடைசியிலேயே திரும்பி வரும் இரண்டு வரியை மட்டும் மாஜோங் தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

மூன்றாம் வாரம் கொடுக்கும் தாளும் முழு நாடகமாக இருக்கக் கூடாது. ஷேக்ஸ்பியர் காலத்து நடிகர்களுக்கு முழுப் பிரதி கொடுப்பதில்லை. தன் வரியும், அதற்கு முன்னால் மற்றவர் சொல்லும் கடைசி இரண்டு மூன்று சொல்லும்தான் கையில் இருக்கும். அதையே செய்யுங்கள். ஏ4 தாளை நான்காக வெட்டினால் ஒரு குழுவுக்கு ஒரு தாள், வகுப்புக்கு ஏழு தாள். முன்வரியின் வாலைக் காதால் பிடிக்காமல் தன் வரியைச் சொல்ல முடியாது என்பதால் யாரும் தூங்க மாட்டார்கள்.

பாயான்லெப்பாஸ்_டீச்சர்

மிக்க நன்றி, சார்களுக்கு. செண்டோல் கடையையே எழுதிப் பார்த்தேன். தொடக்கமும் முடிவும் இதோ:

கதைசொல்லி: ஒன் ஃபைன் ஈவ்னிங், ராமு அண்ட் ஹிஸ் மதர் வென்ட் டு த நைட் மார்க்கெட் டு பை சம் செண்டோல்.
ராமு: மதர், ஐ ஆம் வெரி தர்ஸ்டி பிகாஸ் த வெதர் இஸ் ஹாட்.
அம்மா: ஓகே மை சன், லெட் அஸ் கோ டு தேட் ஸ்டால்.
...
எல்லோரும்: வீ மஸ்ட் ஆல்வேஸ் பீ பேஷன்ட்.

செந்தூல்_நாற்காலி

கதைசொல்லியை எடுத்துவிடுங்கள். முதல் வரியே 16 சொல், அதுவும் இறந்தகாலம். நன்றாக வாசிக்கிற பிள்ளையிடம்தான் அது போகும், பழைய கதை மறுபடி தொடங்கும். இடம் பாசார் மாலாம் என்று காட்ட ஒரு மேசையும் குவளையும் போதாதா? 'பிகாஸ்' வரியும் யாரும் பேசாத பேச்சு. வெயிலில் வந்தவன் காரணம் சொல்ல மாட்டான், சட்டையை உதறுவான். கடைசி அறிவுரை வரியை யோசிக்காமல் வெட்டுங்கள். இப்படி வைத்துப் பாருங்கள்:

ராமு: (சட்டையை உதறி) ஸோ ஹாட்!
ராமு: அங்கிள், கேன் ஐ ஹேவ் எ செண்டோல், ப்ளீஸ்?
கடைக்காரர்: (குவளையைக் கவிழ்த்து) சாரி, நோ மோர் செண்டோல்.
பூனை: (மேசைக்குக் கீழே) ஸ்லர்ப்!
ராமு: வாட்ஸ் தேட்?
கடைக்காரர்: நத்திங்!
பாட்டி: தம்பி, கேன் ஐ ஹேவ் எ செண்டோல், ப்ளீஸ்?
கடைக்காரர்: சாரி, நோ மோர் செண்டோல்.
பூனை: ஸ்லர்ப்! ஸ்லர்ப்!
பாட்டி: லுக்! அண்டர் த டேபிள்!
பூனை: (எழுந்து, குவளையை நீட்டி) கேன் ஐ ஹேவ் எ செண்டோல், ப்ளீஸ்?

இதற்குப் பிறகு ஐந்தாறு வரி காலியாக விடுங்கள். பூனைக்குக் கொடுப்பதா, துரத்துவதா, காசு கேட்பதா என்று குழுவே முடிவு செய்து எழுதட்டும். கதை ஒன்றானாலும் ஏழு குழுவுக்கும் ஏழு முடிவு வரும், பார்ப்பவர்களுக்கும் காத்திருக்க ஒரு காரணம் கிடைக்கும். கடைக்காரர் ஒத்துக்கொண்டால் பிள்ளைகள் 'கேன்!' என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பார்கள். கடைத்தெருவில் அதுதான் பேச்சு, திட்டவும் வேண்டாம். குவளையைக் கையில் கொடுக்கும்போது 'ஹியர் யூ ஆர்' என்பதைச் சைகையோடு சேர்த்துவிடுங்கள்.

பூனை வேடத்தைப் பேசத் தயங்கும் பிள்ளைக்கே ஒவ்வொரு தடவையும் கொடுக்காதீர்கள், அது முத்திரை ஆகிவிடும். ஒத்திகைக்கு ஒத்திகை வேடத்தைச் சுழற்றுங்கள். நாலு சுற்றில் நாலு பேருக்கும் எல்லா வரியும் தெரியும். ஒருவர் மறந்தால் இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார், ஒருவர் லீவு போட்டாலும் குழு நிற்காது.

பாயான்லெப்பாஸ்_டீச்சர்

வெட்டியதும் உயிர் வந்துவிட்டது. கடைசியாக ஒன்று: இதை வகுப்புசார் மதிப்பீட்டுக்கு எப்படி எடுப்பது? நடித்துக் காட்டும் நாளன்று அடைவுநிலை போடலாமா?

பட்டர்வொர்த்_வாத்தியார்

அன்றைக்கு வேண்டாம் டீச்சர். மனப்பாட வரியைச் சத்தமாகச் சொல்கிறவனுக்கு உயர்ந்த நிலை போய்விடும், அது பேச்சுத்திறன் இல்லை. 2017இல் ஆண்டு 1இலிருந்து தொடங்கிய சிஇஎஃப்ஆர் (மொழித்திறனை அளக்கும் ஐரோப்பிய அளவுகோல்) பாடத்திட்டம் ஆண்டு 6 முடிவில் எதிர்பார்ப்பது அதன் ஏ2 நிலை. அந்த நிலைக்குக் கேட்டதைப் புரிந்து தன் சொல்லில் எளிமையாகப் பதில் சொல்லத் தெரியவேண்டும். அது ஒப்பித்தலில் தெரியாது. இரண்டாம், மூன்றாம் வாரத்தில் ஒரு மணிக்குப் பத்துப் பேர் என்று எடுத்தால் மூன்று அமர்வில் 28 பேரும் முடியும். மிஞ்சுபவர்களை நான்காம் வாரத் தொடக்கத்தில், நடிப்புக்கு முன்னால் பாருங்கள். கட்டியங்காரனாகக் குறுக்கே போய் வேடத்தில் இருக்கும் பிள்ளையிடம் தாளில் இல்லாத ஒரு கேள்வி கேளுங்கள். 'பாட்டி, ஹூ இஸ் த செண்டோல் ஃபார்?' 'மை கிரான்ட்சன்' என்று இரண்டு சொல் வந்தாலும் அது அவள் சொந்தச் சொல். தலையாட்டினால் கேள்வி புரிந்தது, வாய் வரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். 'கேன் ஐ ஹேவ் எ செண்டோல்' என்றே திரும்ப வந்தால் கேள்வியே போய்ச்சேரவில்லை.

பிறகு, குவளையில் நிஜ ஐஸ் போடாதீர்கள். மூன்றாவது ஒத்திகைக்குள் தரை வழுக்கும், பூனை வேறு மேசைக்கடியில் தவழ்கிறது. பஞ்சை உருட்டிப் போட்டுப் பச்சை நூல் நாலு தொங்கவிட்டால் போதும்.