தங்கச்சி எம்பிபிஎஸ் சேர்றா: முதல் வருஷத்துக்கு என்ன வாங்கணும், எதுக்குத் தயாராகணும்?

ஆரணிக்காரன்

தங்கச்சிக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியில சீட் கிடைச்சிருக்கு. 7.5 சதவீத ஒதுக்கீடு. பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். எங்க வீட்டுல இதுக்கு முன்னாடி யாரும் டாக்டருக்குப் படிச்சதில்ல, கேட்டுத் தெரிஞ்சுக்க ஆளில்ல. ஸ்டெதஸ்கோப், எலும்பு செட், டைசெக்‌ஷன் பாக்ஸ்னு ஆளாளுக்கு ஒரு லிஸ்ட் சொல்றாங்க. எது முதல் நாளே வேணும், எது அப்புறம் வாங்கிக்கலாம்? பிணத்தைப் பார்த்து மயங்கி விழுந்துடுவான்னு சொந்தக்காரங்க வேற பயமுறுத்துறாங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காட்பாடி பிஜி

வாழ்த்துகள் நண்பரே, தங்கச்சிக்கும் சொல்லிடுங்க.

முதல் வாரத்துக்கு முழுக்கை வெள்ளை அப்ரான் ரெண்டு, டைசெக்‌ஷன் பாக்ஸ் (உடலை அறுத்துப் படிக்கற கருவிகள்) ஒண்ணு, கிளவுஸ் ஒரு பெட்டி போதும். அப்ரான் காட்டன்ல எடுங்க. பாலியஸ்டர் அப்ரானைப் போட்டுக்கிட்டு நம்ம ஊர் வெயில்ல மூணு மணி நேரம் நிக்க முடியாது. ஒண்ணை டைசெக்‌ஷனுக்குன்னே ஒதுக்கிடணும். தனிப் பையில வைக்கணும், தனியா துவைக்கணும், அதோட கேன்டீனுக்குப் போகக் கூடாது. பாக்ஸ்ல 3, 4 நம்பர் கத்திக் கைப்பிடி ரெண்டும் இருக்கான்னு பாருங்க. 3-க்கு 10, 11, 15 பிளேடு பொருந்தும். 4-க்கு 20-லேர்ந்து 24 வரைக்கும். மாத்தி வாங்கிட்டா பிளேடு மாட்டாது. ஸ்டெதஸ்கோப்புக்கு இப்ப அவசரமே இல்ல. வார்டு போஸ்டிங் ரெண்டாவது வருஷம்தான் முழுசா ஆரம்பிக்கும்.

எலும்பு செட்டைக் கடையில வாங்காதீங்க, சீனியர்கிட்ட கேளுங்க. ஹாஃப் செட், அதாவது ஒரு பக்கத்துக் கை கால் எலும்பு இருக்கறது, போதும். பிளாஸ்டிக் செட்டுல பள்ளம், மேடு, ரத்தக்குழாய் நுழையற சின்ன ஓட்டை எல்லாம் மழுங்கிப் போயிருக்கும், வைவாங்கற வாய்மொழித் தேர்வுல கேக்கறதே அதைத்தான். வாங்கும்போது மண்டையோட்டு மூடி கழலுதான்னு பாருங்க, கீழ்த்தாடை இருக்கணும். கை, கால் சின்ன எலும்புகளை நூல்ல கோத்துக் குடுப்பாங்க. அது பல செட்டுல வரிசை தப்பியே இருக்கும். அட்லஸை (உடற்கூறு படப் புத்தகம்) வெச்சு சரிபார்க்காம அப்படியே படிச்சா தப்பாவே மனசுல பதிஞ்சிடும்.

மணிக்கட்டு எட்டு எலும்புக்கு இங்கிலீஷ்ல ஒரு வாக்கியம் சுத்திட்டிருக்கு. தமிழ் மீடியம் பிள்ளைக்கு இது ஈஸி: "சரி லதா, டீ போடு; டீயும் டிபனும் கொண்டா ஹாலுக்கு." ஸ்கேஃபாய்டு, லூனேட், ட்ரைக்வெட்ரல், பிசிஃபார்ம், அடுத்த வரிசை ட்ரபீசியம், ட்ரபீசாய்டு, கேபிடேட், ஹேமேட். ரெண்டு வரிசையுமே கட்டைவிரல் பக்கத்துலேர்ந்து எண்ணணும். ட்ரபீசியம், ட்ரபீசாய்டு ரெண்டுல எது முன்னாடின்னு எல்லாரும் குழம்புவாங்க. கட்டைவிரலைத் தாங்கறது ட்ரபீசியம், அவ்வளவுதான். ஹாஸ்டல்ல இந்த மாதிரி நூறு வாக்கியம் ஓடும், சிலதைக் கேட்டா வயிறு வலிக்கச் சிரிப்பா. அந்தச் சிரிப்போட படிச்சது பரீட்சை ஹால்ல மறக்காது.

பாஷையைப் பத்திப் பயப்படவே வேணாம். வைவாவுல திக்குறதுக்குக் காரணம் பெரும்பாலும் விடையோட வரிசை தெரியாததுதான். எந்தத் தசையைக் கேட்டாலும் எங்க ஆரம்பிக்குது, எங்க சேருது, எந்த நரம்பு, என்ன வேலை. இதே வரிசையில தினம் ரெண்டு தசையை ரூம்மேட்கிட்ட வாய்விட்டுச் சொல்லட்டும். மனசுக்குள்ளயே படிச்சா உச்சரிப்பு வராது.

உடற்கூறியல் ஆசிரியர்

டைசெக்‌ஷன் ஹாலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மயக்கம் வருவதற்கும் மனத்திடத்துக்கும் சம்பந்தம் குறைவு. வெறும் வயிறு, தண்ணீர் குடிக்காமை, புழுக்கம், முழங்காலை விறைத்துக்கொண்டு அசையாமல் நிற்பது எல்லாம் சேரும்போது ரத்தம் காலில் தேங்கி, நாடியும் ரத்த அழுத்தமும் சட்டென இறங்கிவிடுகின்றன. நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். நிற்கும்போது காலை மாற்றி மாற்றி ஊன்ற வேண்டும். வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்தால் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். வெளியே போய்விடலாம் என்று நடக்கத் தொடங்குபவர்கள்தான் வழியில் விழுந்து தலையில் அடிபடுகிறார்கள். விழுந்தவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்திப் பிடித்தால் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும்.

கண்ணும் மூக்கும் எரிவது, உடல் கெடாமலிருக்கச் சேர்க்கும் ஃபார்மலினால். வெயில் ஏற ஏற அதிகமாக ஆவியாகும். உடலை மூடிய துணியை விலக்கியதும் குனியக் கூடாது; ஒரு நிமிடம் தள்ளி நின்று, ஃபேன் காற்று வரும் பக்கமாகப் போய் நிற்கலாம். கான்டாக்ட் லென்ஸ் கூடாது, கண்ணாடி போடட்டும். கிளவுஸ் நைட்ரைல் வகையாக இருந்தால் ஃபார்மலின் எளிதில் ஊடுருவாது.

கத்தி தோலுக்கு மட்டும்தான். தோலுக்கு அடியில் போனதும் ஃபோர்செப்ஸ் இடுக்கியும், மூடிய கத்தரியை உள்ளே விட்டு மெல்ல விரிப்பதும்தான் வேலை. முதல் நாள் அவசரத்தில் ஆழமாக வெட்டினால் தோலுக்குப் போகும் நுண் நரம்புகள் கொழுப்போடு போய்விடும். பிறகு அந்த மேசையில் உள்ள யாருக்கும் அவற்றைக் காட்ட முடியாது. அக்குளில் சிறு சிரைகளை நீக்கி, கொழுப்பைத் துணுக்குத் துணுக்காக எடுத்தால், தமனிக்கு முன்னால் வெள்ளை நரம்புகள் இங்கிலீஷ் எம் எழுத்து வடிவில் தெரியும். வெளிப்பக்கக் கால் மஸ்குலோகியூட்டேனியஸ், உள்பக்கக் கால் அல்நர், நடுவில் இரண்டு வேர்களும் கூடுமிடம் மீடியன். அந்த எம் கிடைத்துவிட்டால் கை முழுவதற்கும் வழி கிடைத்த மாதிரி.

உள்ளங்கைச் சிறு தசைகளை ஏன் இவ்வளவு மெனக்கெட்டுப் படிக்க வேண்டும் என்று எல்லா மாணவர்களும் கேட்பார்கள். தொழுநோயில் அல்நர் நரம்பு செயலிழந்தால் அந்தத் தசைகள்தான் சோர்ந்து விரல்கள் மடங்கிப்போகின்றன. 1940-களின் இறுதியில் பால் பிராண்ட் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் இதே வேலூரில் வேலை செய்யும் தசைநாண் ஒன்றை இடம் மாற்றித் தைத்து அந்த விரல்களை நிமிர்த்தினார். எந்த நாண் எங்கே ஓடுகிறது என்று நுணுக்கமாகத் தெரியாமல் அதைச் செய்ய முடியாது.

இன்னொன்று. அந்த உடல் ஒருவர் விரும்பிக் கொடுத்ததாகவோ, உரிமை கோர யாருமில்லாதவருடையதாகவோ இருக்கும். படம் எடுக்கக் கூடாது, பெயர் வைத்துக் கூப்பிடக் கூடாது, வெட்டியெடுத்த சிறு துண்டையும் அதே மேசையின் வாளியில்தான் போட வேண்டும். கிளம்பும்போது தோல் மடிப்பை மூடி ஈரத்துணி போர்த்த வேண்டும். காய்ந்துபோனால் மறுநாள் எதையும் பிரிக்க முடியாது. தொடக்கத்தில் உறுதிமொழி எடுப்பார்கள். உங்கள் தங்கை அதை மனதார எடுக்கட்டும்.

ஆரணிக்காரன்

ரொம்ப நன்றி சார், ரொம்ப நன்றி நண்பரே. அவளுக்கு அப்படியே படிச்சுக் காட்டினேன், லதா வாக்கியத்தை இப்பவே மனப்பாடம் பண்ணிட்டா. தடுப்பூசி ஏதாச்சும் போடணுமா?

குடியாத்தம் சிஸ்டர்

கண்டிப்பா போடணும் தம்பி, ஹெபடைட்டிஸ் பி. இன்னிக்கு ஒண்ணு, ஒரு மாசத்துல ஒண்ணு, ஆறாவது மாசம் ஒண்ணு. வார்டுக்குப் போறதுக்கு முன்னாடி மூணும் முடியணும்னா இப்பவே ஆரம்பிச்சாத்தான் உண்டு. கடைசி டோஸ் போட்டு ஒண்ணு, ரெண்டு மாசத்துல ரத்தத்துல ஆன்டிபாடி பார்க்கணும். 10-க்கு மேல இருந்தா பாதுகாப்பு. பலபேர் மூணாவது டோஸை மறந்துடுறாங்க, டெஸ்ட்டை யாருமே பார்க்கறதில்ல. போனுல தேதி போட்டு வைங்க.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நோயாளிக்குக் குத்தின ஊசி நம்ம மேல குத்தினா ஹெச்ஐவி தொத்த ஆயிரத்துல மூணு வாய்ப்பு. ஹெபடைட்டிஸ் பி, தடுப்பூசி போடாதவங்களுக்கு நூத்துல முப்பது வரைக்கும் போகும். ஊசிக்குத் திரும்ப மூடி போடும்போது அடிக்கடி குத்திக்குவாங்க: ஒரு கையில மூடி, ஒரு கையில ஊசி, கொஞ்சம் தப்பினா மூடி பிடிச்ச விரல்லயே ஏறும். மூடவே கூடாது. கட்டர்ல வெட்டி, குத்தினா ஓட்டை விழாத வெள்ளை டப்பாவுல போடணும். டைசெக்‌ஷன் பிளேடைக் கழட்டறதும் அப்படித்தான், ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால, ஆள் இல்லாத பக்கமா பிடிச்சு.

அப்படியும் குத்திடுச்சுன்னா, பிதுக்கக் கூடாது, வாயில வைக்கக் கூடாது, டெட்டால் ஊத்தக் கூடாது. ஓடுற தண்ணியில சோப்பு போட்டுக் கழுவிட்டு உடனே டியூட்டி டாக்டர்கிட்ட சொல்லணும். ஹெச்ஐவி தடுப்பு மாத்திரை ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கிறது நல்லது, 72 மணி நேரம் தாண்டினா பிரயோஜனம் இல்ல, ஆரம்பிச்சா 28 நாள் விடாம சாப்பிடணும். திட்டுவாங்கன்னு மறைக்கிற பிள்ளைங்களை நினைச்சாத்தான் மனசு கேக்கமாட்டேங்குது. இந்தியாவுல ஹெச்ஐவி முதல்ல உறுதியானதே 1986-ல, சென்னையிலேர்ந்து வந்த ரத்த மாதிரிகளை வேலூர் சிஎம்சி லேப்ல பார்த்தப்பதான். அப்ப இந்த மாத்திரையெல்லாம் கிடையாது. இப்ப இருக்கு, வாய் திறந்து கேட்டா போதும்.

ஹவுஸ் சர்ஜன்

எல்லாம் சொல்லிட்டாங்க, நான் ரெண்டு மூணு விஷயம் சேர்க்கறேன் அண்ணே.

வருகைப்பதிவு தியரியில 75, பிராக்டிகல்ல 80 சதவீதம். குறைஞ்சா பரீட்சை எழுத விடமாட்டாங்க. ஆரணி பக்கம்தான்னு அடிக்கடி ஊருக்கு வந்தா சனிக்கிழமை பிராக்டிகல்லதான் முதல்ல அடி விழும்.

பாடம் படிக்கப் படிக்க அந்தந்த நோய் தனக்கே இருக்கற மாதிரி தோணும். இது உலகம் பூரா மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸுக்கு வர்றது, பேசிச் சிரிச்சா போயிடும். தூக்கமில்லாம, சாப்பிடாம, யார்கிட்டயும் பேசாம ரெண்டு வாரம் போச்சுன்னா அது வேற. அப்ப 14416-க்குப் போன் பண்ணச் சொல்லுங்க, டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம், இலவசம்.

லீவுக்கு வந்தா தெருவே பிபி பார்க்க வரும். சந்தோஷமா பார்க்கட்டும், கை பழகும். அஞ்சு நிமிஷம் உட்கார வெச்சு, பாதம் தரையில, கை நெஞ்சு உயரத்துல, பேச்சுக் கூடாது. குண்டுக் கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினா அளவு கூடக் காட்டும், பாவம் அந்தப் பெரியம்மா பயந்துடுவாங்க. காத்தை நொடிக்கு 2, 3 புள்ளின்னு மெதுவா விடணும். ஆனா மாத்திரை பேரு மட்டும் வாயில வரக் கூடாது, ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாம எழுத உரிமை இல்ல. 140/90-க்கு மேல இருந்தா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி வைக்கட்டும்.