குடுவையிலும் கழிமுகத்திலும் செடிகளை ஆராய்ந்தவர்கள்: வடசென்னை அனுபவப் பகிர்வு

மாதவரத்திலிருந்து

செங்குன்றத்துக்கு அப்பால் இருந்த ஒரு தனியார் வாழைத் திசு வளர்ப்பு ஆய்வகத்தில் (செடியின் சிறு துண்டைக் குடுவையில் வைத்துப் பல கன்றுகளாகப் பெருக்கும் இடம்) பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் என் அனுபவத்தை எழுதுகிறேன். தாவரவியல் படித்துவிட்டு நான் அங்கே சேர்ந்தபோது, செடிக்கான ஊட்டக் கலவையான ஊடகத்தைத் தயாரிக்கும் முறையை மனப்பாடம் செய்துகொண்டு கை சுத்தமாக வேலை செய்வதுதான் திசு வளர்ப்பு என்று பலரும் பேசினார்கள். அந்தப் பேச்சோடு எனக்கு இன்றுவரை உடன்பாடில்லை. குடுவைக்குள் நடப்பது முழுவதும் செடியின் உடலியங்கியல்தான். அதைப் புரிந்துகொள்ளாத ஆய்வகம் குடுவைகளை நிரப்பிக் காட்டலாமே தவிர, வயலில் நிலைத்து நிற்கும் கன்றுகளைத் தர முடியாது.

காலையில் எங்கள் முதல் வேலை, வளர்ப்பறைக்குள் சென்று குடுவைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பது. பூஞ்சை வந்திருந்தால் யார் கண்ணுக்கும் தப்பாது. வெண்ணிழைகள் பரவி, சில நாட்களில் பச்சையாகவோ கறுப்பாகவோ வித்துகள் தோன்றிவிடும். பாக்டீரியா அப்படியல்ல. தண்டின் அடி, ஊடகத்தைக் கட்டியாக்கும் அகாரைத் தொடும் இடத்தில் மெல்லிய கலங்கல் ஒன்று வளையமாக இருக்கும். குடுவையைச் சற்றே சாய்த்துப் பார்த்தால்தான் அது புலப்படும். வாழையின் திசுவுக்குள்ளேயே குடியிருக்கும் பாக்டீரியாவாக இருந்தால், பக்கக் கன்றின் மேற்பரப்பை மெர்குரிக் குளோரைடாலோ சோடியம் ஹைப்போகுளோரைட்டாலோ எவ்வளவு கழுவினாலும் அது போவதில்லை. பல முறை சப்கல்ச்சர் செய்த (திசுவைப் பிரித்துப் புதிய ஊடகத்துக்கு மாற்றிய) பிறகு திடீரென்று தலைகாட்டும். அத்தகைய குடுவையை ஆய்வகத்துக்குள் திறக்கவே கூடாது. மூடியோடு, அழுத்த நீராவியில் சூடாக்கும் ஆட்டோகிளேவில் வைத்து, 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கிருமிகளைக் கொன்ற பிறகே அது கழுவுமிடத்துக்குப் போகும்.

நாங்கள் பயன்படுத்தியது எம்.எஸ். (முராஷிகே-ஸ்கூக்) ஊடகம். அது உருவான வரலாற்றைப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நான் தவறாமல் சொல்வதுண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தோஷியோ முராஷிகேயும் ஃபோக் ஸ்கூக்கும், புகையிலை இலைச் சாற்றைச் சேர்த்தால் புகையிலைத் திசு வேகமாக வளர்வதைக் கண்டு, அதில் புதிய ஹார்மோன் ஏதேனும் இருக்கிறதா என்று தேடினார்கள். அந்த வளர்ச்சியில் பெரும்பங்கு சாற்றிலிருந்த கனிம உப்புகளால் வந்தது என்று தெரிந்த பிறகு, உப்புகளின் அளவையே திருத்தியமைத்து 1962இல் வெளியிட்டார்கள். லிட்டருக்கு 1,650 மில்லிகிராம் அம்மோனியம் நைட்ரேட், 1,900 மில்லிகிராம் பொட்டாசியம் நைட்ரேட் என்று இன்றும் நாம் நிறுத்துப் போடுவது அந்தத் தேடலின் விளைவுதான். அதற்கு முன்பே, 1957இல், ஸ்கூக்கும் கார்லோஸ் மில்லரும், ஆக்சின், சைட்டோகைனின் என்ற இரு செடி ஹார்மோன்களில் ஆக்சின் மிகுந்தால் வேரும், சைட்டோகைனின் மிகுந்தால் தளிரும், இரண்டும் ஈடாக இருந்தால் உருவற்ற திசுக்கட்டியான கேலஸும் தோன்றுவதைப் புகையிலையில் காட்டியிருந்தார்கள். வாழையில் பி.ஏ.பி. என்ற சைட்டோகைனின் சேர்த்த ஊடகத்தில் ஒரு குருத்து பல குருத்துகளாகப் பெருகுவதற்கும் அடிப்படை இதுவே.

நான் அதிகமாகக் கற்றுக்கொண்ட இடம் வளர்ப்பறை அல்ல, அதன் பின்புறம் இருந்த, குடுவைக் கன்றுகளை வெளிச்சூழலுக்குப் பழக்கும் கடினப்படுத்தும் கொட்டகை. குடுவையில் பசுமையாக நின்ற கன்று வெளியே வந்த அன்றே துவண்டுவிடுவது ஏன் என்று புதியவர்கள் கேட்டபோது, எங்கள் ஆய்வகத்தின் மூத்த அறிவியலாளரான மேடம் வாயால் பதில் சொல்லாமல் ஒரு சோதனையைச் செய்து காட்டினார். குடுவைக் கன்றிலிருந்து ஓர் இலையும், நிழல்வலைக்குக் கீழ் வளர்ந்த கன்றிலிருந்து ஓர் இலையும் வெட்டி, காம்பின் வெட்டுவாயில் வாசலின் தடவி, இரண்டையும் ஒரே மேசையில் ஒரே மின்விசிறிக்குக் கீழ் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தராசில் நிறுத்து எடையை வரைதாளில் குறிக்கச் சொன்னார். நிழல்வலை இலையின் கோடு முதலில் சட்டென்று இறங்கி, இலைத்துளைகள் மூடிக்கொண்டதும் ஏறத்தாழ படுத்துவிட்டது. குடுவை இலையின் கோடோ, இலை சுருண்டு காகிதமாகும் வரை இறங்கிக்கொண்டே இருந்தது. பிறகு இரண்டு இலைகளின் அடிப்புறத்திலும் நிறமற்ற நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் உரித்தெடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். வாடிய பின்னும் குடுவை இலையின் துளைகள் அகலத் திறந்தே இருந்தன. ஈரம் நிறைந்த காற்றில் வளர்ந்த இலைக்கு மூடிப் பழக்கமில்லை, மேலே மெழுகுப் படலமும் போதவில்லை என்பதை அதன் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உணவிலும் இதே நிலைதான். மூடிய குடுவைக்குள் விளக்கு எரியத் தொடங்கிய சில மணி நேரத்தில் கார்பன் டைஆக்சைடு வெகுவாகக் குறைந்துவிடுவதை ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் தோயோகி கோசாயும் அவர் குழுவினரும் அளந்து காட்டினார்கள். ஒளி இருந்தும் ஒளிச்சேர்க்கைக்கு வழியில்லாமல், லிட்டருக்கு 30 கிராம் என்று நாம் போடும் சர்க்கரையை நம்பியே செடி வாழ்கிறது. ஆகவே கடினப்படுத்துதல் என்பது மண்ணுக்கு மாற்றுவது மட்டுமல்ல; தானே தண்ணீரைக் காத்துக்கொள்ளவும் தானே உணவு செய்யவும் புதிய இலைகளும் புதிய வேர்களும் விடும் வரை அந்தக் கன்றைக் காப்பது.

ஒன்றை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். ஆர்டர் மிகுந்த ஒரு பருவத்தில், வழக்கமான சுற்றுகளைத் தாண்டி ஒரே தாய்க் குருத்திலிருந்து சப்கல்ச்சரைத் தொடரும்படி நிர்வாகம் சொன்னது. சுற்றுகள் கூடக் கூட மரபு வேறுபாடுகளும் கூடும். வாழையில் குட்டையான, இலைகள் நெருங்கிய கன்றுகள் அப்படித்தான் வருகின்றன. கொட்டகையிலேயே அவற்றைக் கண்டு களைந்தோம் என்றாலும், குலை தள்ளும்போதுதான் தெரியும் வேறுபாடுகளை எந்தக் கொட்டகையிலும் பிடிக்க முடியாது. அந்த இழப்பைச் சுமப்பவர் விவசாயி.

காசிமேட்டிலிருந்து

கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். மாதவரத்துத் தம்பி ஹார்மோன்களைப் பற்றி எழுதியதோடு ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் காலத்தில் விலையுயர்ந்த ஹார்மோன்களை வாங்கக் கல்லூரிக்கு நிதி இருக்காது. அதனால் ஆசிரியர்கள் இளநீரை வடிகட்டி ஊடகத்தில் சேர்ப்பார்கள், அதை வாங்கி வருவது என் பொறுப்பு. இது ஏழைக் கல்லூரியின் கைவைத்தியம் என்று எண்ண வேண்டாம். ஊமத்தைக் கருக்களை வளர்க்க யோஹானஸ் வான் ஓவர்பீக் 1941இல் தேங்காய்நீரைத்தான் பயன்படுத்தினார், எஃப்.சி. ஸ்டூவர்டு 1958இல் கேரட்டின் செல்களிலிருந்து முழுச் செடியை உருவாக்கியபோதும் ஊடகத்தில் அது இருந்தது. முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட சைட்டோகைனினான கைனடின் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டபோது எங்கள் பேராசிரியர் சொன்ன பதிலை இந்தத் துறைமுகத்துக்காரன் மறக்கவே முடியாது: நம் மத்திக்கு உறவான ஹெர்ரிங் மீனின் விந்திலிருந்து எடுத்த டி.என்.ஏ.வை ஆட்டோகிளேவில் சூடாக்கியபோது உருவான பொருள் அது, ஆண்டு 1955.

ஆனால் ஓர் இளநீர் மற்றோர் இளநீரைப் போல இருப்பதில்லை. வழுக்கை பிடிக்காத காய்க்கும் முற்றிய காய்க்கும் உள்ள வேறுபாடு குடுவையில் அப்படியே தெரியும். சென்ற மாதம் வந்த முடிவு இந்த மாதம் வராமல் மாணவர்கள் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு தவணைக்கு வேண்டிய இளநீர் முழுவதையும் ஒரே நாளில் வாங்கி, ஒன்றாகக் கலந்து, கொதிக்கவைத்து வடிகட்டி, சிறு புட்டிகளில் உறையவைத்துவிடும் வழக்கத்தை எங்கள் ஆசிரியர் கொண்டுவந்தார்.

எண்ணூரிலிருந்து

நான் தாவர உடலியங்கியல் கற்பிக்கும் ஆசிரியை. என் மாணவியரின் ஆய்வகம் பெரும்பாலும் எண்ணூர்க் கழிமுகத்தின் அலையாத்தி மரங்களுக்கு இடையில்தான், குறிப்பாக வெண்கண்டல் மரங்களுக்கு இடையில். வெண்கண்டல் இலையை நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். சுரப்பிகள் வழியாக இலை உப்பை வெளியேற்றுகிறது என்று பாடத்தில் இருக்கிறது. ஆனால் அந்த உப்பு செடி சுரந்ததா, கடற்காற்று கொண்டுவந்து படியவைத்ததா என்று மாணவி ஒருத்தி கேட்டாள். அந்த ஒரு கேள்வியிலிருந்து ஒரு தவணை முழுவதற்குமான செய்முறை பிறந்தது. முதல் நாள் மாலை இலைகளைக் காய்ச்சி வடித்த நீரால் கழுவித் துடைத்து, சிலவற்றைப் பாலித்தீன் உறையால் மூடி, சிலவற்றைத் திறந்தே விட்டோம். கரையிலேயே நிற்கும் பூவரசின் இலைகளையும் அதேபோல் கழுவி வைத்தோம். மறுநாள் எல்லா இலைகளையும் மீண்டும் கழுவி, அந்த நீரில் சில்வர் நைட்ரேட் துளிகளை விட்டபோது, மூடி வைத்த வெண்கண்டல் இலையின் நீரில் வெள்ளை வீழ்படிவு திரண்டு இறங்கியது. திறந்திருந்த பூவரசு இலையின் நீர் இலேசாக மங்கியதோடு நின்றது. கேட்ட மாணவி அந்தச் சோதனைக் குழாயை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்றாள்.

இந்த மரங்களின் வேர்கள் காற்றில்லாத சேற்றில் இருக்கின்றன. காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் வேர்ப் பகுதிகளின் பட்டைத்துளைகள் வழியாகத்தான் அடியிலுள்ள வேர்களுக்கு ஆக்சிஜன் போகிறது என்பதை பெர் ஸ்காலண்டரும் உடனாய்வாளர்களும் 1955இல் காட்டினார்கள். ரைசோஃபோரா என்ற அலையாத்தி மரத்தின் தாங்குவேர்த் துளைகளை மசகு பூசி அடைத்ததும், சேற்றுக்குள் இருந்த வேரில் ஆக்சிஜன் குறைந்துபோனது. இதைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்து கற்பித்திருக்கிறேன். மிக்ஜாம் புயல் வெள்ளத்தை ஒட்டி 2023 டிசம்பரில் எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்துக்குள் புகுந்தபோது, அதே சோதனை யாரும் கேட்காமலே நம் ஊரில் நடந்தது. வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேல் விரலளவு விரலளவாக நிற்பவை. நீர் ஏறிய உயரம் வரை அவை பிசுபிசுப்பாகக் கறுத்திருந்தன. உடன் வந்த மீனவ அண்ணன் ஒருவர், வேரை மட்டும் பார்த்தால் போதாது, காலடிச் சேற்றை முகர்ந்து பார்க்க வேண்டும் என்றார். எண்ணெயின் நெடிக்கு அடியில் அழுகல் நாற்றம் இருந்தது. அவர் வாழ்நாள் முழுவதும் அந்தச் சேற்றில் இறால் தடவியவர். அவருடைய மூக்கை நான் நம்புகிறேன்.

ஆனாலும் நாங்கள் எண்ணிக் கணக்கெடுத்த இலையுதிர்வுக்கு எண்ணெய்தான் காரணம் என்று அறிக்கையில் எழுத நான் சம்மதிக்கவில்லை. வெள்ளத்தால் அதே வாரங்களில் நன்னீரும் வண்டலும் வந்திருந்தன. எண்ணெய் படியாத மரங்கள் நின்ற இடத்தின் உப்பளவும் வேறு. எண்ணெய் தீங்கற்றது என்று இதற்குப் பொருளில்லை. அது எப்படிக் கொல்லும் என்பது தெரிந்ததே. எங்கள் எண்ணிக்கை மட்டும் அதை நிறுவவில்லை, அவ்வளவுதான். ஒரே தோப்பில், ஒரே மட்டத்தில் நிற்கும் மரங்களை, மூச்சுவேரில் எண்ணெய் ஏறிய உயரத்தைக் கொண்டு வகைப்படுத்தி, அடுத்தடுத்த மாணவியர் தொடர்ந்து பார்க்கும்படி ஏற்பாடு செய்தேன்.

மீண்டும் நடுவதற்குத் திசு வளர்ப்பு உதவாதா என்று பலர் கேட்கிறார்கள். வெண்கண்டலின் விதை மரத்திலேயே முளைக்கத் தொடங்கிவிடுவது. அதை உலர்த்திச் சேமிக்க முடியாது. டர்பனில் பாட்ரிசியா பெர்ஜாக்கும் நார்மன் பாமென்டரும் இந்த விதைகளை நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆகவே ஆசை நியாயமானதே. ஆனால் கணுத்துண்டை ஊடகத்தில் வைத்தால் ஃபீனால் பொருட்கள் கசிந்து, அகாரும் துண்டும் கறுத்துப்போகின்றன. அஸ்கார்பிக் அமிலமும் கரித்தூளும் ஓரளவே தடுக்கும். தரமணியிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வெண்கண்டலின் மரபணுவை எடுத்து உப்பைத் தாங்கும் நெல்லுக்காக ஆராய்ந்தது மிக முக்கியமான பணி. கழிமுகத்தில் நடுவதற்கோ, விழுந்த விதைகளைப் பொறுக்கி, ஓதம் வந்துபோகும் நாற்றங்காலில் வளர்ப்பதே சரி. சர்க்கரை தின்று, ஈரக் காற்றில், உப்பே இல்லாமல் வளர்ந்த கன்றைச் சேற்றில் நட்டால் என்ன ஆகும் என்பதை மாதவரத்து நண்பரின் வரைதாள் முன்பே சொல்லிவிட்டது.

தண்டையார்பேட்டையிலிருந்து

எங்கள் மகள் உயிர்தொழில்நுட்பம் முதலாண்டு படிக்கிறாள். விடுமுறையில் திசு வளர்ப்புப் பயிற்சியில் சேர வேண்டும் என்கிறாள். கட்டணம் எங்களுக்குச் சற்றுப் பெரிய தொகை. எந்த இடம் நல்ல இடம் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று மாதவரத்து ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.

மாதவரத்திலிருந்து

அம்மா, நேரில் சென்று கடினப்படுத்தும் கொட்டகையைக் காட்டச் சொல்லுங்கள். வடிகட்டிய காற்று வீசும் லேமினார் அறையும் கண்ணாடிக் கதவும் எல்லா இடத்திலும் அழகாகத்தான் இருக்கும். கொட்டகையில் கன்றுகள் இல்லை என்றாலோ, அது பயிற்சியில் சேராது என்றாலோ, அந்தக் கட்டணத்தைக் கொடுக்க வேண்டாம். வாழை வளர்க்கும் இடமாக இருந்தால், தாய்க் கன்றுகளுக்கு வைரஸ் சோதனை எப்போது செய்கிறார்கள், எத்தனை சுற்றோடு சப்கல்ச்சரை நிறுத்துகிறார்கள், மத்திய அரசின் உயிர்தொழில்நுட்பத் துறை 2006இல் தொடங்கிய சான்றளிப்பு முறையில் அங்கீகாரம் இருக்கிறதா என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள். ‘பி’ எனப்படும் மரபுத்தொகுதி கொண்ட சில வாழைகளில் வரிக்கோட்டு வைரஸ் செடியின் மரபணுக்களுக்குள்ளேயே உறங்கிக் கிடந்து, திசு வளர்ப்பின் நெருக்கடியில் விழித்துக்கொள்வதுண்டு. இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசத் தெரிந்தவர் அங்கே இருந்தால் அது நல்ல இடம்.

விடுமுறைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றால், அதுவரை வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒரே அளவுள்ள நான்கு செம்பருத்தி இலைகளைக் காம்போடு பறித்து, ஒன்றின் மேற்புறத்தில், ஒன்றின் அடிப்புறத்தில், ஒன்றின் இரு புறத்திலும் வாசலின் தடவி, நான்காவதை அப்படியே விட்டு, எல்லாக் காம்புகளின் நுனியையும் அடைத்து, நூலில் கட்டி நிழலில் தொங்கவிடச் சொல்லுங்கள். நகைக்கடைகளில் வைத்திருக்கும் சிறு மின்தராசு ஒன்று கிடைத்தால் எடையையும் குறிக்கலாம். எது முதலில் வாடும், எது கடைசியில் வாடும் என்பதை இலையைத் தொடும் முன்பே அவள் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.