புதுப்பிப்பு: பாபநாசம் வெள்ளை ஆர்க்கிட்டைத் தேடி வந்தது யார்?

பாபநாசம் மலையடிவாரத்தில், அத்தை தோப்பின் ஓரம் பூத்திருக்கும் வெள்ளை ஹெபனேரியா ஆர்க்கிட்டுக்குப் பகலில் ஒரு பூச்சிகூட வரவில்லையே என்று போன வாரம் எழுதியிருந்தேன். வண்ணத்துப்பூச்சியாக இருக்கும் என்ற என் ஊகம் தவறு.

நேற்று இருட்டும்வரை காத்திருந்தோம். வாசனை மெல்ல எழுந்தது. அப்புறம் ஒரு பெரிய அந்துப்பூச்சி வந்து, பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே நீண்ட உறிஞ்சுகுழலை உள்ளே விட்டது. அப்படியே மூச்சடங்கிப் போனேன்!

பூவின் பின்னால் வால்போலத் தொங்கும் குழலின் அடியில்தான் தேன். அதை எட்ட முகத்தை அழுத்தும்போது மகரந்தம் தூளாக உதிராது. பசையுள்ள இரண்டு கட்டிகளாகப் பூச்சிமேல் ஒட்டிக்கொள்ளும். அடுத்த பூவில் மகரந்தத்தை ஏற்கும் பகுதியான சூல்முடியில் அது பட்டால் காய் பிடிக்கும்.

1862இல் டார்வின், மடகாஸ்கர் ஆர்க்கிட் ஒன்றின் நீண்ட குழலை வைத்தே அதற்கேற்ற அந்துப்பூச்சி இருக்கும் என்று எழுதினார். சரி, நம் தோப்பில் காய் பிடித்ததும் படம் போடுகிறேன். மண்ணுக்குள் இருக்கும் இந்த ஆர்க்கிட்டின் கிழங்கை மட்டும் யாரும் தோண்டிவிடாதீர்கள்.