காவேரிப்பாக்கம் ஏரிக்கு எல்லை எங்கே போடுவது? உதவுங்கள்

குழுவில் எல்லாருக்கும் வணக்கம். ஏரியை ஒரு சூழல்மண்டலமாக எடுத்து பாஸ்பரஸ் வரவு செலவுக் கணக்குப் போடுகிறோம். வேலை எல்லையில் முட்டி நிற்கிறது.

1935இல் பிரிட்டிஷ் சூழலியலாளர் டான்ஸ்லி சூழல்மண்டலம் என்ற கருத்தை வைத்தபோதே, உயிர்களையும் மண், நீர், தட்பவெப்பத்தையும் ஒரே அமைப்பாகச் சேர்த்தார்; ஆய்வுக்காக அதைப் பிரித்தெடுப்பது நாம்தான் என்பதையும் சொன்னார். அதனால் கேள்விக்கு ஏற்பதான் கோடு. கரையோடு நிறுத்தினால், பாலாறு அணைக்கட்டிலிருந்து வரும் கால்வாய் வரவு, மதகும் கலங்கலும் (உபரிநீர் வழியும் இடம்) செலவு. அங்கே நீரோட்டத்தையும் நீரில் உள்ள பாஸ்பரஸ் செறிவையும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். செறிவு மட்டும் இருந்தால் கணக்கு நிற்காது. கோடையில் வயலுக்கு அள்ளும் வண்டலும் செலவுதான், பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்தால் சேற்றில் இரும்போடு பிணைந்த பாஸ்பரஸ் கரைந்து மேலே வரும். இது உள்சுழற்சி, வரவில் சேர்க்கக் கூடாது. ஆக்சிஜனை விடியுமுன் அளக்க வேண்டும். நண்பகலில் பாசியின் ஒளிச்சேர்க்கை அளவை ஏற்றிக் காட்டும். அதற்கு ஏரி நீரை 300 மில்லி பாட்டிலில் குமிழி இல்லாமல் நிரப்பி, ஆக்சிஜன் அளவு மாறாமல் இருக்க மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் அங்கேயே விட்டு மூட வேண்டும். ஒரு குமிழி நின்றாலும் அளவு கூடிவிடும்.

எங்களுக்கு வேண்டியது: மதகு திறந்த நாட்கள், நீர்மட்டம் பற்றிய பழைய குறிப்புகள், வண்டல் எத்தனை லோடு போனது என்ற விவரம். கொக்கு, நீர்க்காகத்தின் எச்சத்தை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்று தெரிந்தவர்கள் அவசியம் சொல்லுங்கள். வாலாஜா, ஆற்காடு பக்கம் இருப்பவர்கள் பாட்டில்கள் இரவல் தந்தால் பெரிய உதவி.