ஸ்பானிஷில் வழி சொன்னார்கள், வீடு கிடைக்கவில்லை. அவசர உதவி!

கல்லணை77: ஆறு மாதமாக ஸ்பானிஷ் படிக்கிறேன். நாளை காலை 9 மணிக்கு வாடகை வீடு பார்க்கப் போக வேண்டும். வீட்டுக்கார அம்மா அனுப்பிய விலாசத்தில் தெருப் பெயரும் இல்லை, கதவு எண்ணும் இல்லை. மருந்துக்கடையிலிருந்து மூன்று குவாத்ரா ஆர்ரிபா, ஒன்று அல் லாகோ, இருபது வாரா அபாஹோ. அவ்வளவுதான். ஆர்ரிபா என்றால் மேலே, அபாஹோ என்றால் கீழே, லாகோ ஏரி. இன்று மாலை போய்ப் பார்த்தேன். தெருவில் மேடும் இல்லை பள்ளமும் இல்லை, ஏரியும் கண்ணில் படவில்லை. பழக்காரரிடம் கேட்டேன். உதட்டைக் குவித்து ஒரு பக்கம் நீட்டிவிட்டு மறுபடி வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டார். யாராவது சொல்லுங்கள்.

மொழிப்பித்தன்: தெரேச்சோ, தெரேச்சா குழப்பமாகத்தான் இருக்கும். 'ஓ'வில் முடிந்தால் நேராக, 'ஆ'வில் முடிந்தால் வலது பக்கம். நானும் இதில் பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

தென்றல்: அவர் அந்தச் சொல்லையே எழுதவில்லையே. கல்லணை, எந்த நாடு, எந்த ஊர்?

பழையவாத்தியார்: ஆறு மாதம் படித்தவருக்கு இது தெரியாமல் இருக்கலாமா? முதலில் அடிப்படையைச் சரி செய்யுங்கள். நேராகப் போக 'தோதோ ரெக்தோ'. அடுத்த தெருவில் திரும்ப 'கோஹா லா ப்ரிமேரா காயே'. குவாத்ரா என்று ஸ்பெயினில் சொல்ல மாட்டார்கள், அங்கே மன்சானா. இப்படி எழுதியவரிடமே திருப்பிக் கேளுங்கள்.

தென்றல்: ஐயா, 'கோஹா'வை எல்லா நாட்டிலும் சொல்ல முடியாது. ஸ்பெயினில் சாதாரணச் சொல்தான். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது கெட்ட வார்த்தை. அதே பொருளில் 'தோமே' என்று சொன்னால் எங்கும் பிரச்சினை இல்லை.

பழையவாத்தியார்: அகராதியில் இருக்கும் சொல்லை நான் ஏன் விட வேண்டும்?

மொழிப்பித்தன்: பேருந்து நிலையத்தில் அகராதியைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியாது, வாத்தியாரே. எதிரில் இருப்பவர் முகம் சுளித்தால் நமக்குத்தான் வழி கிடைக்காது.

நெய்தல்: வரைபடத்தில் வடக்குதானே மேலே இருக்கும்? ஆர்ரிபா வடக்காக இருக்கும். ஊரைச் சொல்லுங்கள் முதலில்.

கல்லணை77: மனாகுவா, நிகராகுவா. சொல்லவில்லையா? மன்னிக்கவும், பதற்றம்.

ஏரிக்கரை: அதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு சுற்றியிருக்க வேண்டாம். நான் அங்கே மூன்று வருடம் இருந்தவன். ஆர்ரிபா என்றால் கிழக்கு, சூரியன் மேலே வரும் பக்கம். அபாஹோ மேற்கு, அது இறங்கும் பக்கம். அல் லாகோ வடக்கு, ஷோலோட்லான் ஏரி ஊருக்கு வடக்கே இருப்பதால். ஏரி கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. தெற்கு மட்டும் அல் சூர். குவாத்ரா என்பது ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை. ஒரு வாரா ஏறக்குறைய 84 செ.மீ., ஆக இருபது வாரா 17 மீட்டர். பழக்காரர் உதட்டாலேயே திசையைக் காட்டிவிட்டார். அங்கே கையை நீட்டுவதைவிட அதுதான் வழக்கம்.

இன்னொன்று. அந்த அம்மா எழுதியதை ஓர் எழுத்து விடாமல் போடுங்கள்.

கல்லணை77: 'தெ தோந்தே ஃபுவே லா ஃபார்மாசியா…' என்று ஆரம்பிக்கிறது. மருந்துக்கடைதானே?

ஏரிக்கரை: 'ஃபுவே' என்றால் இருந்தது. மருந்துக்கடை முன்பு இருந்த இடத்திலிருந்து எண்ண வேண்டும்! 1972 டிசம்பர் நிலநடுக்கத்தில் நகரின் நடுப்பகுதி இடிந்து போனது. இடிந்துபோன கட்டடங்களை வைத்தே ஜனங்கள் இன்னும் வழி சொல்கிறார்கள். நீங்கள் இப்போது இருக்கிற ஏதோ ஒரு கடையிலிருந்து நடந்திருப்பீர்கள். பக்கத்தில் வயதானவர் யாரிடமாவது 'தோந்தே எஸ்தாபா லா ஃபார்மாசியா?' என்று கேளுங்கள். 'எஸ்தா' இல்லை, 'எஸ்தாபா', எங்கே இருந்தது என்று.

நெய்தல்: என் கணக்கு தப்பு. ஆனால் பாருங்கள், மதுரையில் மேலமாசி வீதி மேற்கே, கீழமாசி வீதி கிழக்கே. மேற்கே மலை, அதனால் நமக்கு மேற்கு மேல். அவர்களுக்கு நேர் எதிர். தமிழ்ப் பழக்கத்தில் போனால் மூன்று தெரு தள்ளி எதிர்ப்பக்கம் போய் நிற்போம்.

பழையவாத்தியார்: இது வட்டார வழக்கு, ஸ்பானிஷ் ஆகாது.

தென்றல்: அந்த ஊர்க்காரர்கள் பேசுவது ஸ்பானிஷ்தான் ஐயா. வீடும் அங்கேதான் இருக்கிறது.

கல்லணை77: கிடைத்துவிட்டது. பழைய மருந்துக்கடை இருந்த இடத்தில் இப்போது டயர் கடை. 'எஸ்தாபா' என்றதும் ஒரு பாட்டி கூடவே நடந்து வந்து காட்டினார். முன்பணம் கொடுத்துவிட்டேன். ஏரிக்கரை அண்ணா, ரொம்ப நன்றி.